நீட்டிய விரல்

"மேலேருந்து பாத்தா நம்ம காடு எப்படி வாப்பா இருக்கும்?"

மகள் ஹலீமா சின்னவளாக இருந்தபோது படகில் கேட்டது. அதைப் பறவையிடம்தான் கேட்க வேண்டும் என்று அன்று சிரித்தார் அப்துல் வஹாப். இன்று விமானத்தின் சன்னல் வழியே அதே அலையாத்திக் காட்டைப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

புயல் சேதம் பார்க்க வந்த சின்ன விமானத்தை இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கியிருந்தார். கூலி நெல் கூட்டிக் கேட்டு அறுவடையை நிறுத்திய கோவிந்தராசு மீது, பண்ணையின் வைக்கோல்போரைக் கொளுத்தியதாக வழக்கு. ஆள் காய்ச்சலோடு காட்டுக்குள் இருப்பதாகத் துப்பு. ஓடைகளை அறிந்த படகுக்காரர் என்று வஹாபை அதிராம்பட்டினத்திலிருந்து ஜீப்பில் ஏற்றி வந்துவிட்டார்கள்.

கோவிந்தராசுவை ஒளித்து வைத்ததே வஹாப்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. கோவிந்தராசுவுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். மருந்துக்கடை வாசலில் பண்ணை ஆட்கள் காவல். பிடிபட்டால் ஸ்டேஷன்வரை உயிரோடு போய்ச் சேரமாட்டார் என்று ஊரே பேசியது.

வேறு பக்கம் கைகாட்டிச் சமாளித்துவிடலாம் என்று நம்பித்தான் வஹாப் ஏறினார். ஆனால் மேலேயிருந்து எல்லாம் ஒரே பச்சை. நீரோட்டத்தையும் சேற்று வாடையையும் வைத்து வழி கண்டவருக்கு எந்த ஓடை எது என்றே புரியவில்லை.

"என்ன பாய், முப்பது வருஷமாப் போறேன்னீங்க. இப்ப இந்த முழி முழிக்கிறீங்க?"

"கீழன்னா கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேங்க."

ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒரு மூலையை நோக்கி விரலை நீட்டி, அங்கெல்லாம் மனுஷன் தங்க முடியாது என்றார். விமானம் சாய்ந்து திரும்பியது. விரலுக்கு நேர் கீழே, கோவிந்தராசுவுக்குக் கூரையாக அவரே கவிழ்த்து வைத்த பழைய படகு தெரிந்தது.

விரலைச் சட்டென்று மடக்கினார். இன்ஸ்பெக்டர் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கரையிலேருந்து அங்க நடந்து போக முடியுமா?"

"இடுப்பளவு சேறுங்க."

"தண்ணி எப்ப வத்தும்?"

கரையில் யாரைக் கேட்டாலும் தெரிந்துவிடும், பொய் சொல்ல முடியவில்லை. "விடியக்காலைலங்க."

இன்ஸ்பெக்டர் குறித்துக்கொண்டார். இறங்கும்வரை வஹாப் ஓதிக்கொண்டே வந்தார்.

மறுநாள் விடிந்ததும் மூன்று படகுகளில் போலீஸ் கிளம்பியது. முதல் படகில் வஹாப். ஆனால் தேடச் சொல்லி உத்தரவு வந்தது காட்டின் மறுகோடியில். இன்ஸ்பெக்டரைக் காணோம். அவர் கரைவழியாக ஆட்களோடு போயிருப்பார் என்று நினைத்தார் வஹாப்.

மதியம் எல்லோரும் வெறுங்கையோடு திரும்பினார்கள். போலீஸ் விட்டதும் வஹாப் தனியே துடுப்புப் போட்டு, கோவிந்தராசுவை ஒளித்து வைத்த திட்டுக்குப் போனார். சேற்றில் பூட்ஸ் தடம் கிடந்தது. கவிழ்ந்த படகுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

கோவிந்தராசு எழுந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரொட்டியும் காய்ச்சல் மாத்திரையும்.

"போலீஸ் வந்துச்சா?"

"இன்ஸ்பெக்டர் ஒருத்தர் மட்டும் வந்தாரு பாய், இடுப்புவரைக்கும் சேறோட. 'போன வருஷ ஊர்வலத்துல கல்லடிபட்டு வாய்க்கால்ல கெடந்த போலீஸ்காரரத் தூக்கிக் கரையில போட்டீங்களே, அது நான்தான்'னு எங்கிட்ட சொன்னாரு."

கோவிந்தராசு மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் அவரு முகத்தக்கூடப் பாக்கல பாய்."