ஏழுன்னா ஏழு!

“தம்பி, சொன்னா கோவிச்சுக்காதே. உன் பொண்டாட்டி நம்ம தண்ணியை பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு எதிர்க்கடைக்குள்ள போறா!”

கல்லாவில் இருந்த அக்கா காதோரம் சொன்னதும் காபிக் கடைக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

போயும் போயும் இன்றைக்கா?

புது ஆஸ்பத்திரிக்குள் ஒரே ஒரு காபிக் கடைக்குத்தான் இடம். கடைசிச் சுற்றில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று இவருடையது, இன்னொன்று அந்த எதிர்க்கடை. தேர்வு செய்யும் அம்மாள் இப்போது வந்துவிடுவார். இவர் கடை இருக்கும் கட்டடத்தையோ இடிக்கப் போகிறார்கள். ஆஸ்பத்திரி கைவிட்டுப் போனால் குடும்பமே நடுத்தெருவில்தான்.

இந்த நேரத்தில் வீட்டு ரகசியம் வாசல் தாண்டினால் வயிறு எரியாதா?

ரகசியம் என்றால் தண்ணீர்தான். “பால் இல்லாம காபி உண்டு, சர்க்கரை இல்லாம உண்டு, தண்ணி இல்லாம உண்டா?” என்று கேட்டுக் கேட்டே வாடிக்கையாளர்களின் உயிரை வாங்குவார். சட்டைப் பையில் பேனாவைப் போல ஒரு பி.எச். மீட்டர். தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்ந்தால் எண் இறங்கும், சோப்புப் பக்கம் சாய்ந்தால் ஏறும், நடுவில் நின்றால் ஏழு. ஏழு வந்த பிறகுதான் அடுப்பையே பற்ற வைப்பார். தெருவில் அவருக்குப் பெயரே ‘ஏழு சார்’.

மீட்டரை இன்னொருவர் தொட்டால் போச்சு. தினமும் அதன் கண்ணாடி முனையைத் துண்டால் அழுத்தித் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். கூடவே வந்த சோதனைத் திரவப் பாக்கெட்டுகளை மட்டும் பிரித்ததே இல்லை.

“ஒழுங்கா காட்டுற மீட்டருக்கு எதுக்குப் பரீட்சை?”

மனைவி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள்.

“எங்கே போயிட்டு வர்றே?”

“இங்கேதான்... ஏங்க, இன்னைக்கு வடிகட்டின தண்ணியில கொஞ்சம் குழாய்த் தண்ணி கலக்கணும்.”

“யார் சொன்னது? எதிர்க்கடை மீசைக்காரனா?”

அவள் திடுக்கிட்டாள். “நான் சொல்றதைக் கேளுங்க. அந்த மீட்டர்...”

“மீட்டரைப் பத்தி வாயைத் திறக்காதே! அன்னைக்கே சொல்லியிருக்கேன்!” வடிகட்டிய தண்ணீரில் மீட்டரை முக்கினார். 7.0. “பாத்தியா? ஏழுன்னா ஏழு!”

அதற்குள் எதிர்க்கடை வாசலில் கார் வந்து நின்றது. இவர் பாதி தெரு வரை ஓடி எட்டிப் பார்த்தார். பின்னால் அவள் சத்தமில்லாமல் குழாயைத் திறந்ததைக் கவனிக்கவில்லை.

அம்மாள் எதிரே குடித்து முடித்துவிட்டு இங்கே வந்தார். பின்னாலேயே மீசைக்காரர். தீர்ப்பைக் கேட்கத் தெருவே கடைக்குள் நுழைந்துவிட்டது.

ஒரு வாய். கண்ணை மூடினார். இன்னொரு வாய். அக்கா கல்லாவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாள் கோப்பையைக் கீழே வைத்தார். காலி!

“எதிரே குடிச்சதும் நல்லாத்தான் இருந்தது. இது அதுக்கும் ஒரு படி மேல. இடம் உங்களுக்குத்தான்!”

அவ்வளவுதான், கடை அதிர்ந்தது! அக்கா கல்லாப் பெட்டியிலேயே தாளம் போட்டாள். இவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். கண்ணீர் வேறு வந்து தொலைத்தது.

மீசைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார். “சந்தோஷம் சார்!”

இவர் அந்தக் கையைத் தொடவில்லை.

“என் வீட்டுக்காரியைப் பிடிச்சு எங்க தண்ணி ரகசியத்தைத் தெரிஞ்சுக்கலாம்னு பாத்தீங்க. அப்படியும் ஜெயிக்க முடியலையே!”

மீசைக்காரர் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

“ஏங்க, சும்மா இருங்க...” என்றாள் மனைவி.

“நீ பேசாதே. உன்கிட்ட அப்புறம் இருக்கு.”

அம்மாளுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “அது என்ன தண்ணி ரகசியம்? நானும் பார்க்கலாமா?”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மீட்டரை எடுத்துக் கொடுத்தார். அம்மாள் அதைப் பாத்திரத்தில் மீதியிருந்த காபியில் முக்கினார். 7.0.

“காபி எப்பவும் புளிப்புப் பக்கம்தானே நிக்கும்?” என்று முணுமுணுத்தவர், ஒரு எலுமிச்சம்பழத்தைக் கேட்டு வாங்கிப் பிழிந்து அதில் முக்கினார்.

அதிலும் 7.0.

கண்ணாடி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “விரிசல் விட்டிருக்கு. அழுத்தித் துடைச்சீங்களா? இப்படி ஆயிட்டா எதுல முக்கினாலும் ஏழுதான் காட்டும். இது போய் மாசக்கணக்காகுது சார்.”

ஏழு சார் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ... எங்க தண்ணி?”

“தண்ணி அருமை. இல்லேன்னா காபி இப்படி வராது. அதான் கேக்கறேன், இத்தனை நாளா உங்களுக்கு யார் அளந்து கொடுத்தது?”

மீசைக்காரர் சத்தமில்லாமல் வாசலைப் பார்த்து நடந்தார்.

மனைவி அவர் முதுகைக் காட்டிச் சொன்னாள்: “அந்த அண்ணன்தான், தினமும் அவர் மீட்டர்ல அளந்து சொன்னாரு. இன்னைக்கும்.”