ஜெர்லினுக்கான ஜப்பானிய மொழி

புத்தகக் கடையில் எந்தப் பாடநூலைத் தொட்டாலும், அது ஜெர்லினின் வேலையைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ற பக்கங்களை மட்டுமே காட்டியது. ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்துப் பணிப்பெண்ணுக்குப் போதுமான ஜப்பானிய மொழி: கையைத் தூக்குங்கள், மருந்து குடியுங்கள், மன்னித்துவிடுங்கள்.

"ஏட்டி, இன்னும் எத்தன புக்க பெரட்டுவ?" என்றாள் அறைத்தோழி பிரைசி. "எல்லாம் ஒரே சோறுதான், பாத்திரந்தான் வேற. லீவுன்னா கையெடுத்துக் கும்பிடு, தருவாவ."

"லீவு இல்லட்டி. வேலைய விட்டுட்டு ஊருக்குப் போறேன்னு சொல்லணும். பிள்ளைக்கு என் முகமே மறந்துபோச்சு."

இல்லம் கொடுத்த மொழிபெயர்ப்புக் கருவி அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஊமையாகிவிடும் என்பது பிரைசிக்கும் தெரியும்.

கடைசியாக எடுத்த தடித்த புத்தகத்தில் ஓர் உரையாடல் இருந்தது. அதில் முதியவர் ஒருவர், "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்கிறார். ஜெர்லின் அந்த ஜப்பானிய வரியின்மேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"அது உங்கள் வசனம் அல்ல," என்றது புத்தகம், கனிவான தமிழில். வரி மங்கி மறைந்தது. பணிப்பெண் சொல்லவேண்டிய பதில் மட்டும் கீழே நின்றது: "நாளைக்குப் போகலாம். இப்போது சாப்பிடுங்கள்."

தன் பங்கைச் சொல்லிவிட்டால் அந்த வரி திரும்பி வருமோ என்று, ஜெர்லின் அதைச் சொன்னாள்.

"உச்சரிப்பு மிக அருமை," என்று பாராட்டிவிட்டுப் புத்தகம் அடுத்த பக்கத்துக்குப் போனது.