மடக்கிய கால்கள்

பெட்ரோல் பங்கில் அந்தக் காரைப் பார்த்ததும் பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டார். முன் சீட்டில் கார்க்காரரின் மனைவி, மடியில் ஒரு பையோடு, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்து உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் வரை அந்தம்மா அப்படித்தான் போய் வந்தார். காரின் தரைத்தகடு துருப்பிடித்து, ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. ஓட்டையை அடைத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடித்துக் கொடுத்தவர் இவர்தான். காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும். அன்றைய அவசரத்தில் தேய்க்காமலே அடித்துவிட்டார்.

நைசாக நழுவப் பார்த்தார். முடியவில்லை.

"பெயிண்டரே, இங்க வந்து என் கோலத்தப் பாருங்க."

பெயிண்டர் முந்திக்கொண்டார். "தப்புதாம்மா. பூச்சத் தேய்க்காம மேல அடிச்சுட்டேன். உரிஞ்சுதான் வரும். வண்டிய விட்டுட்டுப் போங்க, திரும்ப அடிச்சுத் தரேன்."

"உரியுமா?" ஸ்டீயரிங் முன்னால் இருந்த கணவரின் முகம் விழுந்துவிட்டது.

பெயிண்டர் குனிந்து உள்ளே பார்த்தார். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. ஒரு கீறல் இல்லை.

"நல்லாத்தானேம்மா இருக்கு? அப்புறம் எதுக்குக் கால மடக்கிக்கிட்டு..."

"நல்லா இருக்கிறதாலதான். மிதிச்சா பெயிண்ட் பாழாயிடுமாம். ஒரு மாசமா இவர் என் காலக் கீழ வைக்க விடல."

அந்தம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"எப்படியும் உரியப்போறதுதானே?"

மடியிலிருந்த பையைத் திறந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டு கால்களையும் சுகமாகக் கீழே நீட்டினார்.