சோப்பு லாரியும் சாக்லேட் வண்டியும்

"யோவ், லாரியை எடுய்யா! எவ்வளவு நேரமா ஹாரன் அடிக்கிறேன், காதுல விழலையா?"

சாக்லேட் வண்டிக்காரி ஜன்னல் வழியாகக் கத்தினாள். தலையை முழுசாக வெளியே நீட்டக்கூட முடியவில்லை. ஒரு சாண் தள்ளி சோப்பு லாரி மலைபோல் நின்றது.

சூப்பர் மார்க்கெட்டின் பின்வாசல் சந்து அது; முட்டுச்சந்து. இந்தப் பக்கம் கடைச்சுவர், அந்தப் பக்கம் லாரி, நடுவில் அவளுடைய குட்டி வேன். லாரி நகர்ந்தால்தான் வேனைத் திருப்ப முடியும்.

அவள் தனியாகச் சரக்கு கொண்டுவரும் முதல் நாள் இது. வரும் வழியில் வேனின் குளிர் மெஷின் நின்றுவிட்டது. பின்னால் பெட்டி பெட்டியாகச் சாக்லேட். வெளியே தார் இளகும் வெயில். கடையின் ஸ்டோர்கீப்பரோ கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தார்.

அவர் வந்தாலும் ஒரு பரீட்சை உண்டு. ஒரு சாக்லேட்டை எடுத்துக் காதோரம் வைத்து ஒடிப்பார். 'டக்' என்று சத்தம் வந்தால் சரக்கு உள்ளே போகும். சத்தமில்லாமல் வளைந்தால் அத்தனையும் வந்த வழியே திரும்பும்.

சற்று முன்னால்தான் அவளுடைய கம்பெனி சூப்பர்வைசர் போனில் பிடித்துக்கொண்டார்.

"அப்பவே சொன்னேன், இந்த லைன் உனக்கு ஒத்துவராதுன்னு."

"சார், அவர் இப்ப வந்துடுவார்."

"வர்றதுக்குள்ள கூழாயிடும். பேசாம திரும்பி வா. நாளைலேர்ந்து வேற ஆளைப் போட்டுக்கிறேன்."

வேனைக் கிளப்பினாள். அப்போதுதான் சோப்பு லாரி வந்து பின்னால் நின்றது.

"அண்ணே, கொஞ்சம் பின்னால எடுங்க. நான் திரும்பிப் போகணும்" என்று கெஞ்சினாள்.

லாரிக்காரர் இறங்கிவந்து வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "என்னம்மா, தண்ணியே சொட்டலை? மெஷின் ஓடலையா?"

"செத்துப்போச்சு."

"உள்ள என்ன, சாக்லேட்டா?"

"ஆமா."

திரும்பிப் போய் லாரியில் ஏறினார். பின்னால் எடுப்பார் என்று பார்த்தால், முன்னால் வந்து வேனின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் நிறுத்திவிட்டார்!

"கத்தாதேம்மா. கத்தினா உடம்புதான் சூடாகும்" என்றார் இப்போது, துண்டால் விசிறிக்கொண்டே.

"உனக்கென்னய்யா, சோப்பு! உருகாது. இங்க என் பொழைப்பே உருகுது!"

"தெரியுது."

"தெரிஞ்சுமா வழியை மறிக்கிறே? பொம்பளை ஓட்டுறான்னா அவ்வளவு இளக்காரமா?"

லாரி உறுமியது. ஒரு முழம் பின்னால் நகர்ந்தது. அப்பாடா, போகிறான் என்று நினைத்தாள். மறுபடி நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொரு முழம். அப்புறம் இன்னொன்று.

வேண்டுமென்றே விளையாடுகிறான்!

எதிர்க் கடைத் தையல்காரருக்கே பொறுக்கவில்லை. படியில் வந்து நின்று குரல் கொடுத்தார்: "ஏன்யா, அந்தப் பொண்ணை விடேன். பெரிய வண்டி வச்சிருந்தா பெரிய மனுஷனாயிடுவியா?"

"நீங்க உள்ள போய் ஊசியில நூல் கோக்கிற வேலையைப் பாருங்க சார்" என்றார் லாரிக்காரர்.

ஒருவழியாக ஸ்டோர்கீப்பர் ஏப்பம் விட்டபடி வந்தார். பூட்டைத் திறந்தார். "சோப்பா, சாக்லேட்டா? யார் முதல்ல?"

"சாக்லேட்!" என்று லாரியிலிருந்து குரல் வந்தது.

அவள் வேனின் பின்கதவைத் திறந்தாள். "சார், வழியில மெஷின் நின்னுபோச்சு. மறைக்க விரும்பலை. நீங்களே பாத்துக்குங்க."

ஸ்டோர்கீப்பர் உதட்டைப் பிதுக்கினார். மேல் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் காதோரம் கொண்டுபோனார்.

டக்!

நம்பாமல் அடிப்பெட்டியிலிருந்து ஒன்றை உருவினார்.

டக்!

"இந்த வெயில்ல, மெஷின் இல்லாமயா? கெட்டிக்காரிதான்! எல்லாத்தையும் உள்ள வைம்மா."

கடைசிப் பெட்டியும் உள்ளே போனதும் அவள் போனை எடுத்தாள்.

"சார், ஒண்ணு பாக்கியில்லாம இறக்கியாச்சு. நாளைக்கு வேற ஆளைத் தேடாதீங்க. மெஷினைச் சரி பண்ண ஒரு ஆளைத் தேடுங்க!"

போனை வைத்த கையோடு லாரிக்காரரிடம் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "பாத்தீங்களா அண்ணே? நீங்க வழியை மறிச்சும் நான் ஜெயிச்சுட்டேன்!"

அவர் இறங்கினார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெயில் அடித்த பக்கத்துக் கன்னம் கன்றிப்போயிருந்தது.

"வழியையா?" சிரித்தபடி லாரியின் உயரமான பக்கத் தகட்டைத் தட்டியவர், சுட்ட கையை உதறிக்கொண்டார். "சொல்லலாம்னா நீ எங்க ஹாரன்லேர்ந்து கையை எடுத்தே? நிழல் நகர நகர நானும் நகர்ந்து, வெயிலைத்தானேம்மா மறிச்சேன்!"