பூட்டு போட்டவங்க

காலையில் அவன் பல் துலக்கினான், டீ போட்டுக் குடித்தான், சார்ஜில் இருந்த இரண்டு போன்களையும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரிக்குக் கிளம்பினான்.

பழுது பார்ப்பதற்காக நிறுத்தியிருந்த மெஷின் முன்னால் புது மேனேஜர் நின்றிருந்தார். அதன் மெயின் சுவிட்சில் சிவப்புப் பூட்டு தொங்கியது.

"புது மோட்டார் மாட்டியாச்சு. பூட்டு மட்டும் ஏன் தொங்குது? யாருது?"

"மெயின்டனன்ஸ்ல ஒரு லேடி போட்டது சார்," என்றான் அவன். " வேலை நடக்கும்போது யாரும் கரன்ட் கொடுத்துடக் கூடாதுன்னு."

"அந்தம்மா எங்கே? லீவுல போய் அங்கேயே குடித்தனம் பண்றாங்களா?"

பக்கத்தில் கட்டரோடு நின்ற எலக்ட்ரீஷியன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வெட்டிடுங்கப்பா!"

"அதுக்கு முறை இருக்கு சார்," என்று அவன் குறுக்கே வந்தான். " பூட்டு போட்டவங்களுக்கு முதல்ல போன் பண்ணணும்."

"தாராளமா பண்ணுய்யா."

அவன் சட்டைப் பையிலிருந்த போனில் நம்பரை அழுத்தினான்.

அவனுடைய பேன்ட் பைக்குள் மணி அடித்தது.

மேனேஜர் அவனையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணி தவறி ஒரு மாசமாச்சு சார்," என்றான் எலக்ட்ரீஷியன், மெதுவாக.

மேனேஜர் எலக்ட்ரீஷியன் கையிலிருந்த கட்டரை வாங்கிக் கீழே வைத்தார்.

மணி அடித்து ஓய்ந்தது. அவன் அந்தப் போனை வெளியே எடுத்தான். அதோடு ரப்பர் பேண்டில் சுற்றியிருந்த சாவியும் வந்தது. சாவி பூட்டுக்குள் சுலபமாகப் போனது. திருப்பத்தான் அவனுக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அதை அவன் கையில் வைத்து அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"சாவி உங்ககிட்ட இருக்கட்டும். பூட்டு என்னோடது, நாளைக்கு நானே வந்து திறக்கறேன்."