வாசலுக்கு முதுகைக் காட்டி

“முழுங்காத. இன்னும் பத்து தடவ மெல்லு.”

“கொழம்பு சோத்துல மெல்லறதுக்கு இன்னாடி இருக்குது?”

“டாக்டர் சொன்னாங்க இல்ல? மெல்லு.”

எழில் கைப்பேசியைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தாள். பன்னிரண்டு நிமிடம் ஓடியிருந்தது. இருபது வர வேண்டும். ஆறு வாரமாக அம்மா ஒன்பதைத் தாண்டியதில்லை.

இன்று பன்னிரண்டு. அதுவும் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து.

அம்மா மங்கைக்கு முப்பத்தாறு வயது. வயிற்றில் இரண்டு புண், ஒருமுறை ரத்த வாந்தி, இதற்குள் பிரஷர் மாத்திரை. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் காரத்தைக் குறை என்றார்கள். செஞ்சிக்குப் புதிதாக வந்த இந்த டாக்டரம்மாதான், சின்ன வயதில் வீட்டில் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

மங்கை சிரித்துவிட்டாள். “வேகமா, டாக்டர். இல்லன்னா தட்டு பறந்துடும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. ‘இருபது நிமிடம், வாசலைப் பார்க்காமல்’ என்று சீட்டில் எழுதினார். மாத்திரைகளுக்கும் மேலே, முதல் வரியாக.

இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருடம். இங்கே தரையில் உட்கார்ந்தால் பின்பக்க ஜன்னலில் மலைமேல் இருக்கும் ராஜா கோட்டையின் உச்சி மட்டும் தெரியும் என்பது மங்கைக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதைப் பார்த்தபடியே மென்றாள்.

பதினேழாவது நிமிடத்தில் வாசலில் ஓர் இருமல்.

அந்த இருமல் தெருமுனையில் கேட்கும்போதே ஏழு வயது மங்கை சோற்றை இரண்டு கையாலும் அள்ளி வாயில் திணித்துக்கொள்வாள். அப்பாவின் கால் வந்து தட்டை உதைப்பதற்குள்.

இப்போதும் கை தானாகப் பெரிய உருண்டையாக உருட்டிவிட்டது.

எழில் எழப்போனாள்.

“நீ டைமப் பாரு” என்றாள் மங்கை.

உருண்டையைப் பாதியாக்கினாள். ஒரு பாதியை வாயில் வைத்தாள். மென்றாள். கோட்டை உச்சி இருந்த இடத்திலேயே இருந்தது.

பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம்.

அவள் திரும்பவில்லை. மற்றப் பாதியையும் வாயில் வைத்தாள்.

கைப்பேசி அலறியது.

“இருபது!” எழில் தரையைத் தட்டிக் கத்தினாள். “ம்மா, தட்டுல இன்னும் சோறு இருக்குது!”

இருந்தது. நாலு வாய் இருக்கும். மங்கை அதை ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். யாரும் பறிக்காத, ஆறிப்போன, அவளுடைய சோறு.

வாசலிலிருந்து குரல் வந்தது. முன்பெல்லாம் தெருவுக்கே கேட்கும் குரல். இப்போது நிலைப்படியைத் தாண்டவே சிரமப்பட்டது.

“நைனாதாம்மா. நீ மெதுவாவே சாப்டு. முடிச்சிட்டு… எனக்கும் ஒரு தட்டு வெக்கிறியா?”