நூறு சதவீதப் பொருத்தம்

முத்துச்செல்வியை நாலு நாளாக ஃபேக்டரிக்குள் விடவில்லை. காரணம், ஒரு கம்ப்யூட்டர் கணக்கு.

ஒரகடத்தில், கார் கதவுகளை உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்க்கும் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. பெயின்ட் அடித்த கதவுகளில் அலை அலையாகக் கோடு தெரிந்தது. கதவின் படத்தையும் அவள் கட்டையின் படத்தையும் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் உள்ள அலைகள் நூறு சதவீதம் ஒத்துப்போகின்றன என்றது 'கிராஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற அந்த ஒப்பீட்டுக் கணக்கு. குவாலிட்டி இன்ஜினீயர் மணிகண்டபிரபு கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று சாயங்காலத்தோடு அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைப்பாக்கத்தில் அவளோடு ஒரே அறையில் இருக்கும் தென்றல், பல்கலைக்கழகத்தில் இதே கணக்கில் பிஎச்.டி. செய்பவள். விடுவாளா? முத்துச்செல்வியைக் கேட்டில் நிற்க வைத்துவிட்டு, நேரே இன்ஜினீயரிடம் போனாள்.

"சார், படத்தைத் துண்டு துண்டா வெட்டி சராசரி எடுத்தீங்களா?"

"எதுக்கும்மா? அதான் நூறுன்னு வந்துடுச்சே."

"நூறுன்னு வந்தப்பவே சந்தேகம் வரணும். உங்க போன்ல ஏதாவது படம் இருந்தா குடுங்க."

காலையில் கேன்டீனில் எடுத்த தோசைப் படம் இருந்தது. அவர் கம்ப்யூட்டரில் இருந்த அதே புரோகிராமில் அதைக் கதவோடு ஒப்பிட்டாள். நூறு சதவீதம்.

"பாருங்க, உங்க தோசைதான் கதவைக் கெடுத்திருக்கு. அதுக்கு எப்ப சார் மெமோ?"

மணிகண்டபிரபு தோசையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரே துண்டை வெச்சுக் கணக்குப் போட்டா, எதோட எதை வெச்சாலும் நூறுதான் வரும். எங்க ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கே இது தெரியும். நீங்க ஒருத்தி பொழப்பையே இதை நம்பி எடுத்திருக்கீங்க."

படங்களை அறுபத்துநாலு துண்டாக்கிச் சராசரி எடுத்துக் காட்டினாள். தோசைக்கு இரண்டு சதவீதம். முத்துச்செல்வியின் கட்டைக்கும் இரண்டுதான்.

"சரிம்மா. நாளைக்கே டியூட்டிக்கு வரச் சொல்லு."

"அதோட முடிஞ்சுதா? இந்த புரோகிராமை எழுதின மேதை யாரு? அந்த ஆள் கேட்டுக்கு வந்து, அக்கா மூஞ்சியப் பார்த்து மன்னிப்புக் கேக்கணும்."

"உங்க டிபார்ட்மென்ட் வெப்சைட்ல எடுத்ததுதாம்மா. பேரு போட்டிருக்கும், இரு." அவர் புரோகிராமின் முதல் வரிக்குப் போனார்.

'எழுதியவர்: ச. தென்றல், எம்.எஸ்சி. இறுதியாண்டு.'

இருவரும் படித்தார்கள். பிறகு இருவரும் கேட்டுக்கு நடந்தார்கள்.

கேட்டில் விஷயத்தைக் கேட்டதும் முத்துச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஊருக்குப் போன்னு சொல்லிருவாகளோன்னு பயந்து கெடந்தேன் சார். யாரு செஞ்ச தப்பு இது?"

தென்றல், ஷேர் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் இந்தப் பக்கம் திரும்பப் போவதில்லை என்று தெரிந்ததும் மணிகண்டபிரபு சொன்னார்:

"என் தப்புதாம்மா. சரிபார்க்காம கையெழுத்துப் போட்டது நான்."